காலித் தொட்டிக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் சோதனை நிறுவனத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு எனக்கும் கடிதம் வந்தது. 'இனிமையான அனுபவங்களாக இருந்தால் நன்று' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இரும்புத் தகட்டில் குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். என்னிடம் இனிமையைக் கேட்டால் எங்கே போவேன்? கடிதத்தை மடித்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

மனம் மாறியதற்குக் காரணம் போன மாதம் நடந்த ஒரு விழா. சேலத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிய கருவி வந்திருக்கிறது என்று ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள், மிக்சர் கொடுத்தார்கள். பிறகு கல்பனா என்ற இளம் பொறியாளர் கருவியை இயக்கிக் காட்டினார். மேசை மேல் ஒரே மாதிரி இரண்டு இரும்புத் தகடுகள். பழைய முறையில் சோதித்தபோது இரண்டும் நல்ல தகடு என்றே வந்தது.

"சார், சில விரிசல் வாயை மூடிக்கிட்டு இருக்கும். நாம அனுப்புற ஒலி அதைத் தாண்டிப் போயிடும், திரும்பி வராது. ஆனா தாண்டுறப்ப விரிசலோட ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு தட்டிக்கும். அதுல நாம அனுப்பாத ஒரு ஒலி பிறக்கும், ரெண்டு மடங்கு அதிர்வெண்ணுல. அந்த ரெண்டு மடங்கை மட்டும் தனியா கேட்டா விரிசல் மாட்டிக்கும்" என்றார் அந்தப் பெண்.

கேட்டும் காட்டினார். ஒரு தகட்டில் திரை சும்மா கிடந்தது. மற்றதில் சின்னதாக ஒரு முள் எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை. அந்த முள்ளை நான் எண்பதுகளின் நடுவிலேயே ஏற்காட்டு மலையில் ஒரு தொட்டிக்கடியில் நின்று பார்த்திருக்கிறேன். கல்பனா என்னிடம் வந்து, "உங்க காலத்துல இப்படி ஏதாவது தட்டுப்பட்டுதா சார்? எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அதனால் இதில் இனிமை இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பயிற்சி பெற்ற கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஐ.டி.ஐ.யில் பிட்டர் தொழில் படித்தேன், எழுபதுகளில் இங்கே சேர்ந்தேன், சென்னைக்கு அனுப்பி மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பியதும் ஒரு பெட்டியைத் தோளில் மாட்டிவிட்டார்கள். அரிசி மூட்டையைத் தூக்குவது அதைவிடச் சுலபம். முன்பக்கம் பச்சைத் திரை, அதன் கீழே திருகுகள், ஒயர் நுனியில் தீப்பெட்டி அளவில் ஒரு முனை. அந்த முனையிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி தகட்டுக்குள் போகும். முனையைச் சரியான சாய்வில் வைத்தால் ஒலி தகட்டின் இரண்டு முகங்களுக்கு நடுவே அடைபட்டு, தகட்டின் போக்கிலேயே வெகுதூரம் ஓடும். வழியில் விரிசல் இருந்தால் முட்டித் திரும்பும், திரையில் முள் எழும்பும். முள் இல்லையென்றால் குறை இல்லை. முப்பது வருடமும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் விற்றேன்.

அப்போது எனக்கு மேலே இருந்தவர் தலைமை ஆய்வாளர் தணிகாசலம். வெள்ளை முழுக்கைச் சட்டை போடுவார். கிரீஸ் இருக்கும் எதையும் தொடமாட்டார். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. ஆபீஸ் பையனைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு வரி அவருக்குப் பிடிக்காவிட்டால் கிறுக்கமாட்டார். மேசை டிராயரைத் திறப்பார், மரஸ்கேலை எடுப்பார், அந்த வரியின்மேல் வைத்துச் சிவப்புப் பென்சிலால் நேராக ஒரு கோடு இழுப்பார். இழுத்துவிட்டு ஸ்கேலைத் துடைத்து உள்ளே வைப்பார். அந்த டிராயர் திறக்கும் சத்தம் கேட்டாலே எந்த வரி போகப்போகிறது என்று எட்டிப் பார்ப்போம். அடித்து உதைக்கும் மேலதிகாரியைச் சபிக்கலாம். இவரைச் சபிக்கக்கூட இடம் கொடுக்கமாட்டார்.

ஏற்காட்டுக்கு மேலே அப்போது ஒரு பாக்சைட் சுரங்கம் இருந்தது. பெயர் வேண்டாம். சிறிய லாரிகள் கல்லைக் கொண்டுவந்து மேட்டிலிருந்து ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் கொட்டும். தொட்டி நான்கு கால்களில் சரிவில் நிற்கும். கீழே ஒரு கதவு. நெம்புகோலை இழுத்தால் கதவு திறந்து, அடியில் நிற்கும் பெரிய லாரிக்குள் கல் விழும். அது சேலத்துக்கு இறங்கிப் போகும். நெம்புகோல்காரர் தொட்டிக்கு அடியிலேயே நாள் முழுவதும் நிற்கவேண்டும். அவர் பெயர் சேர்வராயன். மாரமங்கலத்துக்காரர், மலையில் பிறந்து வளர்ந்தவர். எல்லோரும் ராயன் என்பார்கள். அவர் என்னை 'மிசினு சார்' என்பார்.

அந்தத் தொட்டியை வருடம் ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் தரவேண்டும். எந்த நாளில் போவது என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை, சேர்வராயன் கோயில் திருவிழாதான் தீர்மானித்தது. திருவிழா வாரத்தில் மலைக்காரர்கள் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். லாரி ஓடாது. தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்து, தண்ணீர் விட்டுக் கழுவி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். சுரங்கத்துக்கும் உற்பத்தி நஷ்டமில்லை, நமக்கும் தலைக்கு மேலே கல் இல்லை. நிரம்பிய தொட்டிக்கடியில் நின்று சோதிக்கக் கூடாது என்று பாதுகாப்பு விதியும் இருந்தது. எல்லாருக்கும் தோதாக இருந்ததால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

யோசித்தவர் ராயன் ஒருவர்தான். சோதனை நாளில் பூட்டைத் திறந்துவிட அவர் மட்டும் வருவார். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வேலை முடிந்ததும் கோயிலுக்கு ஏறத் தயாராக இருப்பார். நான் ஒயர் பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, முனையை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதை வேடிக்கை பார்ப்பார். ஒருமுறை கேட்டார்:

"ஏனுங்க மிசினு சார், காலியா கெடக்கையில இதைப் பாத்து என்னங்க பிரயோசனம்? கட்டுலு ஆடுதான்னு ஆளு படுத்திருக்கையில பாக்கோணுமுங்க. வெறுங் கட்டுலு எங்கீங்க ஆடும்?"

"இது கட்டில் இல்லீங்க ராயன், மிசினு. இதுக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

"அப்படீங்களா. பள்ளத்தப் பாத்த மூலை இருக்குது பாருங்க, கல்லு ரொம்புச்சுன்னா அங்க சத்தம் நொம்ப வித்தியாசமா வருதுங்க. ஒடஞ்ச மணியாட்டம். கல்லு எறங்கிட்டா போயிருதுங்க."

நான் சிரித்தேன். படித்த சிரிப்பு. இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே போடலாம் போலிருக்கிறது.

அடுத்த வருடம் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பெட்டியில் அதிர்வெண்ணை வைக்க, அனுப்பும் பக்கத்துக்கு ஒரு திருகு, கேட்கும் பக்கத்துக்கு ஒரு திருகு. இரண்டையும் ஒரே எண்ணில் வைக்கவேண்டும். முந்தின நாள் வேறு வேலைக்குக் கேட்கும் திருகை நாலில் வைத்தவன், மாற்ற மறந்துவிட்டேன். அனுப்புவது இரண்டு, கேட்பது நாலு. அது தெரியாமல் ஒரு முனையால் ஒலியை அனுப்பி, இன்னொரு முனையால் மறுபக்கம் வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று மூலையிலும் திரையில் புல் முளைத்த மாதிரி லேசான இரைச்சல். பள்ளத்தைப் பார்த்த நாலாவது மூலையில், தொட்டியின் காலைத் தகட்டோடு சேர்த்துப் பற்றவைத்த இடத்துக்கு மேலே, ஒரு முள் நின்றது.

பதறிப்போய்த் திருகைப் பார்த்தேன். தப்பு தெரிந்தது. இரண்டுக்கு மாற்றி, முறைப்படி சோதித்தேன். ஒன்றுமில்லை, நல்ல தகடு. மறுபடி நாலில் வைத்தேன். முள். நாலு மூலையையும் மூன்று தடவை சுற்றினேன். மூன்று தடவையும் அந்த ஒரு மூலையில் மட்டும்தான். நான் அனுப்பாத ஒலி ஒன்று அந்தத் தகட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. ராயன் சொன்ன அதே மூலை என்பது தெரியும்.

அறிக்கையின் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்: 'தென்கிழக்கு மூலையில் விளங்காத அறிகுறி உள்ளது. தொட்டி நிரம்பிய நிலையில், தக்க பாதுகாப்புடன், மறுசோதனை செய்வது நல்லது.'

தணிகாசலம் படித்தார். "இந்த அறிகுறி எந்தத் திருகு வைப்பில் வந்ததுங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ கருவியைத் தவறாக வைத்திருந்தீர்கள்."

"ஆமாங்க சார். ஆனா மத்த மூணு மூலையில வரலீங்களே."

"கருவிக்குள்ளேயே அந்த இரைச்சல் உண்டு. சரியாக வைத்தபோது என்ன வந்தது?"

"ஒண்ணும் வரலீங்க."

"கருவி சொன்னதை எழுதுங்க. நீங்கள் நினைப்பதை எழுத நம்மிடம் படிவம் இல்லை." டிராயர் திறந்தது. ஸ்கேல் வந்தது. இரண்டு வரிக்கும் இரண்டு கோடு. 'குறை இல்லை' என்பது மட்டும் மிஞ்சியது. கீழே கையெழுத்துப் போடச் சொல்லி என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவையும் அவரே மூடி கழற்றிக் கொடுத்தார். போட்டேன்.

அவர் சொன்னதில் பாதி நியாயமும் உண்டு. கருவியே அப்படிப் பொய்முள் காட்டுவது சகஜம். ஆனால் மறுசோதனை செய்திருந்தால் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. கல்லோடு சோதிக்கவேண்டும் என்றால் லாரியை நிறுத்தவேண்டும், சுரங்கத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதுதான் விஷயம்.

மனது கேட்கவில்லை. சான்றிதழைக் கொடுக்க மறுபடி மலைக்குப் போனபோது ராயனைத் தனியாகக் கூப்பிட்டேன். என் பையிலிருந்த சுத்தியலைக் கொடுத்தேன். சிறியது. கைப்பிடி வழுக்குகிறது என்று நானே கறுப்பு இன்சுலேசன் டேப் சுற்றியிருந்தேன்.

"தொட்டி ரொம்பினதும் அந்த மூலையில தெனமும் ரெண்டு தட்டு தட்டிக் கேளுங்க. சத்தம் முன்னைவிட மோசமாச்சுன்னா எனக்கு ஒரு கார்டு போடுங்க" என்று சொல்லி, விலாசம் எழுதிய தபால் கார்டு ஒன்றையும் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டவர் கேட்டார்: "நான் அடியில நிக்கலாமுங்களா சார்?"

என் பையில் அந்தச் சான்றிதழ் இருந்தது, என் கையெழுத்தோடு. "நில்லுங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நான்கு மாதம் கழித்துக் கார்டு வந்தது. பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லி எழுதியிருந்தார். 'தாங்கள் சொன்னபடி தினமும் தட்டுகிறேன். சத்தம் மிகவும் மாறியிருக்கிறது. வந்து பார்க்கவும்.' எடுத்துக்கொண்டு தணிகாசலத்திடம் ஓடினேன். படித்துவிட்டு இரண்டு விரலால் திருப்பிக் கொடுத்தார். "இது உங்கள் சொந்தக் கடிதம். அடுத்த திருவிழாவுக்குப் போவீர்கள் அல்லவா, அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்." நான் லீவு போட்டுவிட்டு மலைக்குப் பஸ் ஏறியிருக்கலாம். ராயனுக்கு ஒரு தந்தியாவது அடித்து, அடியில் நிற்கவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலதிகாரி பார்த்துக்கொள்வார் என்று பொறுப்பை மனதுக்குள்ளேயே அவர் தலையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஐப்பசி மழையில் ஈரக் கல் நிரம்பியிருந்த ஒரு காலையில், அந்த மூலை கிழிந்து தொட்டி சாய்ந்தது. ராயனுக்கு உயிர் மிஞ்சியது. வலது கால் முழங்காலுக்கு மேல் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சுரங்க ஆபீசில் விசாரணை. விசாரிக்க மூன்று பேர் குழுவாக உட்கார்ந்தார்கள். ராயனை ஊன்றுகட்டையோடு கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எனக்கு நேர் எதிரே. எங்கள் சான்றிதழ் மேசைமேல் இருந்தது. அதன் பக்கத்தில், இடிபாட்டில் கிடைத்தது என்று, கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு சுத்தியல்.

"தகடு நல்ல தகடு என்று சான்றிதழ் இருக்கிறது. பிறகு எப்படிக் கிழிந்தது?" என்று தலைவர் கேட்டார். ராயன் தினமும் அந்த மூலையைச் சுத்தியலால் அடிப்பார் என்று ஒரு லாரி டிரைவர் சாட்சி சொன்னார்.

"அடிச்சியாப்பா?"

"தட்டுனனுங்க."

"யார் தட்டச் சொன்னது? இது யார் சுத்தியல்?"

ராயன் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. பஸ்ஸில் முன்னால் இருப்பவர் எழுந்து வழிவிடுவார் என்று நிற்பவர் பார்ப்பது போலப் பார்த்தார். ராயனுடைய கார்டு அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். நிரம்பிய தொட்டியைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது உங்கள் சோதனை முறையில் உண்டா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் அசையவில்லை. அசையவேண்டிய தேவையும் இல்லை.

"இல்லீங்க" என்றேன்.

அது பொய் இல்லை. சோதனை முறையில் அப்படி எதுவும் கிடையாது. நான் சொன்ன உண்மைகளிலேயே கேவலமானது அதுதான். அனுமதியில்லாமல் தொடர்ந்து அடித்ததால் தகடு பழுதுபட்டது, விபத்துக்குத் தொழிலாளியே காரணம் என்று எழுதி முடித்தார்கள். அந்தச் சுண்டைக்காய்ச் சுத்தியல் தொட்டித் தகட்டை உடைத்ததாம்! மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் இரும்பு தெரிந்தவர்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ராயனை வேலையிலிருந்து நீக்கினார்கள். தொட்டியை உடைத்தவன் என்ற பெயர் அவருக்கு மலையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். பயம். வேலை போய்விடும் என்ற பயம். அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தணிகாசலம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அவர் நாற்காலி எனக்கு வந்தது, டிராயரும் ஸ்கேலும் சேர்ந்தே வந்தன. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் சிலருடைய வரிகளின்மேல் அந்த ஸ்கேலை வைத்திருக்கிறேன். புதுத் தொட்டி கட்டினார்கள். அதையும் திருவிழா வாரத்தில், காலியாகத்தான் சோதித்தோம்.

கல்பனா முள்ளைக் காட்டிய மறுநாள் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து மாரமங்கலத்துக்கு இன்னொரு பஸ். ராயன் வாசலில் படுதா விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். தலை வெளுத்துவிட்டது. ஊன்றுகட்டை கக்கத்தில் பழகிவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க மிசினு சார். ஊட்டுக்குள்ள வாங்க, மழ வர்றாப்புல இருக்குது."

நான் உள்ளே போகவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். திருகு, முள், சிவப்புக் கோடு, புதுக் கருவி, அவர் காதால் கேட்டதை இன்று கருவி கேட்கிறது என்பது வரை. கடைசியாக, "தட்டச் சொன்னது நான்தானுங்க ராயன். சுத்தியல் என்னுது. அன்னைக்கு நான் சொல்லியிருக்கோணும்" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் மிளகைத் துழாவுவதை நிறுத்தவில்லை. "நீங்க சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தனுங்க" என்றார்.

"நீங்களாவது என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"நாஞ் சொன்னா நம்புவாங்களா? தப்பிக்கறதுக்குச் சாரு பேரச் சொல்றான்னுவாங்க. நீங்க சொன்னாத்தானுங்க அது செல்லும்." மிளகை ஒரு பக்கமாகக் கூட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதே பார்வை. "இத்தன வருசங் கழிச்சு இதை எங்கிட்ட வந்து எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

மழை வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து படுதாவை மடித்தோம். டீ கொடுத்தார், குடித்தேன்.

ஆகவே மலர்க்குழுவினருக்கு: ராயனுடைய கார்டை இத்துடன் இணைத்திருக்கிறேன், அதையும் அச்சிடுங்கள். அந்தச் சுரங்கத்தை நடத்திய நிறுவனத்துக்கும் தனியாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். இதில் எந்த வரியையும் நீக்குவதென்றால் அந்த ஸ்கேல் இன்னும் டிராயரில்தான் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை மட்டும் விட்டுவையுங்கள். தெரியாதவர்களுக்காக அதை எழுதுகிறேன். அந்தச் சுத்தியல் என்னுடையது. தட்டச் சொன்னவன் நான்.